இறங்கி உருட்டுகிற ஏத்தம்

மன்னாரில் மலை உண்டா என்று என்னிடம் கேட்டவர்கள் மலைநாட்டுப் பண்டாரவளைக்காரர்கள். நான் அங்கே ஆசிரியையாகப் போன புதிதில், பள்ளிக்கூட வாசலிலிருந்து பெரிய வீதிக்கு ஏறுகிற குட்டிப் பாதையைச் சைக்கிளிலேயே ஏறிக் காட்டுவதாக வாய்விட்டுவிட்டேன். பாதை நீளமில்லை. கீழே நின்று கூப்பிட்டால் மேலே தேநீர்க் கடைக்காரருக்குக் கேட்கும். ஆனால் கடையைப் பார்ப்பதற்குத் தலையை நன்றாக நிமிர்த்த வேண்டும். பாதித் தூரத்தில் என் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. இறங்கி உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். உங்கள் ஊரில் மலை இல்லைதானே, பாவம் என்று ஒரு டீச்சர் ஆறுதல் சொன்னார். ஒன்று இருக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் மாவட்டம் தோசைக்கல் மாதிரி. அதே தட்டை, அதே சூடு. அதை அறிந்தவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு குளம் இருந்தது. குளக்கட்டின் மேல்தான் பாதை. ஊர்ப்பக்கமிருந்து போகிறவர்கள் ஒரு மருதமரத்தடியில் தொடங்கி, கிரவல் கொட்டிய செங்குத்தான சரிவில் ஏறித்தான் கட்டின் மேலே போக முடியும். நாங்கள் அதை ஏத்தம் என்போம். சுற்றுவட்டாரத்தில் வேறு ஏத்தம் இல்லாததால் அதற்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. தென்னையையும் தண்ணீர்த் தாங்கியையும் தவிர உயரமாக எதையும் பார்த்திராத எனக்கு அது மலைதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே எங்கள் குடும்பம் ஊரை விட்டு எழும்பி, வன்னி முழுக்க அலைந்து, சண்டை முடிந்து, செட்டிகுளம் முகாமில் கொஞ்சக் காலம் கிடந்து, அந்த வருடம்தான் திரும்பி வந்திருந்தது. சொந்த ஊர், சொந்த ஊர் என்று அம்மா சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்த இடம் எனக்கு முன்பின் தெரியாத ஊராக இருந்தது. தகரக் கொட்டில் ஒன்று போட்டோம். மீள்குடியேறியவர்களுக்கென்று யாரோ கொடுத்த புதுச் சைக்கிள் ஒன்று கிடைத்தது. அதன் பாரில் அப்பா எனக்கென்று ஒரு பலகையைக் கட்டினார். அம்மாவுக்குக் கரியர்.

அப்பா பலசாலி. இதை மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. மூட்டை நெல்லை முதுகில் போட்டுக்கொண்டு வரம்பில் ஓடுவார். தூர்ந்துபோன எங்கள் கிணற்றைத் தனி ஆளாக இறங்கி இறைத்து எடுத்தவர். அப்படிப்பட்ட மனிதர், காலையில் என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும்போது, அந்த மருதமரம் வந்ததும் பிரேக்கைப் பிடித்துவிடுவார்.

அம்மா கரியரிலிருந்து இறங்கிவிடுவார். அப்பா மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கணுக்கால் வரை விடுவார். தலையில் கட்டிய துவாயை எடுத்துத் தோளில் போடுவார். பிறகு இடது நெஞ்சில், சட்டைப் பைக்கு மேலே கையை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். அதன் பிறகுதான் சைக்கிளை உருட்டத் தொடங்குவார். நான் மட்டும் பலகையில் மகாராணி போல உட்கார்ந்திருப்பேன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு நாலு அடி முன்னால் நடப்பார். அந்த நேரம் இரண்டு பேரும் ஒரு சொல்கூடப் பேசமாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஏத்தம் முடிந்த பிறகும் அவர்கள் சைக்கிளில் ஏறமாட்டார்கள். மேலே பாதை நேராக, சமமாகப் போகும். ஒரு பக்கம் குளத்து அல்லி, மறுபக்கம் வயல். வழியில் எருக்கலை முளைத்த பழைய மண்மூட்டைக் குவியல் ஒன்று கிடந்தது. அதில் ஆடுகள் ஏறி நின்று விளையாடும். அந்தக் குவியலையும் தாண்டி, தண்ணீர் திறந்துவிடுகிற துருசடிக்குப் போன பிறகுதான் அப்பா மறுபடி சாரத்தை மடித்துக் கட்டி ஏறி மிதிப்பார். களைப்பாறிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் போனார்கள், இளந்தாரிகள்கூட. ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது, பொல்லாத ஏத்தம்.

மீன்கார நானா வந்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். இவர் அண்ணன் என்று சொல்லமுடியாத வயதில், தாடி நரைத்து, வெள்ளைத் தொப்பி போட்டு, காய்ந்த முருங்கைக்காய் போல இருந்தார். குடும்பத்தோடு இருபது வருடமாகப் புத்தளத்தில் இருந்துவிட்டு, முசலிப் பக்கம் தன் ஊருக்குத் திரும்பி வந்தவர். விடிய அரிப்பு என்ற ஊர்க் கரையில் மீன் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முதலில் எங்கள் ஊருக்கு வருவார். பிறகு குளக்கட்டைத் தாண்டி, பள்ளிக்கூடமும் சங்கக்கடையும் இருக்கிற பெரிய ஊருக்குப் போவார்.

முதல் நாள் நாங்கள் ஏத்தத்தில் பாதித் தூரம் உருட்டிப் போயிருந்தோம். பின்னால் ரப்பர் ஹோர்ன் பாம் பாம் என்று கத்தியது. திரும்பிப் பார்த்தால் நானா வருகிறார். மருதமரத்துக்கு எவ்வளவோ முன்பிருந்தே வேகம் எடுத்திருக்கிறார். சரிவு தொடங்கியதும் ஆசனத்தை விட்டு எழும்பி, உடம்பு முழுவதையும் ஒரு பெடலில் ஏற்றி, அடுத்த பெடலில் ஏற்றி, பாதையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக வளைத்து வளைத்து ஏறினார். வழி, வழி என்று கத்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய்விட்டார். மீன்பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் போன வழியைக் கோடு போட்டுக் காட்டியது.

"இறங்காமல் போறார், பாருங்கோவன்" என்றார் அம்மா. குரல் மெலிந்து வந்தது.  நானா மண்மூட்டைகளைத் தாண்டி மறையும்வரை அப்பா அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்குப் பொறாமை என்று எனக்குப் பட்டது. எனக்கோ வெட்கமாக இருந்தது. ஒரு கிழவர், மீன்பெட்டியோடு!

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்தவள் அப்பா இறங்கி உருட்டுவதற்கு மருத்துவக் காரணம் கண்டுபிடித்தாள். மருதமரத்தடியில் அப்பா நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதை நான் வாய் தவறிச் சொன்னதுதான் வினை. அவளுடைய பெரியப்பாவும் அப்படித்தான் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாராம். ஒரு நாள் வயலில் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குந்தினாராம். பிறகு எழும்பவே இல்லையாம். "உன்ர அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். உனக்குச் சொல்லாமல் மறைக்கினம்" என்றாள். அன்று முழுக்க எனக்குப் பாடம் ஏறவில்லை.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, நீங்கள் ஏன் ஏத்தத்தில ஏறுறேல்லை?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "பொல்லாத ஏத்தம் பிள்ளை."

"நானா ஏறுறார்தானே?"

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்றார் அம்மா. அம்மா அப்படி வெடுக்கென்று பேசினால் ஏதோ மறைக்கிறார் என்று அர்த்தம். முகாமில் சீனி தீர்ந்துபோனதையும் அப்படித்தான் மறைத்தார். எனக்கு விஷயம் உறுதியாகிவிட்டது. அன்றிலிருந்து அப்பா ஏத்தம் ஏறவேண்டும் என்ற ஆசை போய், அப்பா உருட்டும்போதே விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் வந்தது. பலகையில் இருந்தபடி அவருடைய மூச்சைக் கவனித்துக்கொண்டே போவேன். கொஞ்சம் பலமாக மூச்சு வாங்கினால் நானும் இறங்கி நடக்கிறேன் என்பேன். பிள்ளைக்கு இப்போது நல்ல புத்தி என்று அப்பா என் தலையில் தட்டுவார்.

நெஞ்சு வருத்தத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நானாதான். அவர் எங்கள் படலையில் நின்று சூடை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா சட்டி எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டேன். நானா விளையாட்டாக எடுக்கவில்லை. தாடியைத் தடவினார். உள்ளிப்பூண்டை நிறையப் போட்டு மீன் சொதி வைத்துக் கொடுக்கச் சொன்னார். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார். மறுநாளே மருதமரத்தடியில் எங்களைக் கண்டு சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டேவிட்டார்.

"தம்பி, உங்களுக்கு நெஞ்சு வருத்தமாமே. மகள் சொன்னா. ஏன் இப்பிடி வெயிலுக்க உருட்டிக்கொண்டு திரியிறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தார். நான் மருதமரத்தைப் பார்த்தேன்.

"நெஞ்சில ஒண்டுமில்லை நானா" என்றார் அப்பா. சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "ஐடென்ரிக் காட் இருக்குதோ எண்டு பாக்கிறது. பழக்கதோசம்."

நானாவுக்கு உடனே விளங்கவில்லை. ஏத்தத்தை அண்ணாந்து பார்த்தார். "மேல ஆமிச் சென்றி இருந்ததோ?"

"ஓம். உங்கட ஆக்கள் புத்தளம் போன பிறகுதான் வந்தது. இந்த மரத்தடியில இறங்கவேணும், துருசடியிலதான் திரும்பி ஏறலாம். அதுதான் சட்டம்." அப்பா சிரித்தார். "நான் ஒருநாள் இறங்கேல்லை. கலியாணம் கட்டின புதிசு. இவவைப் பின்னால வச்சுக்கொண்டு வாறன். புது மாப்பிளைதானே, வீரம் காட்டுற எண்ணம். நல்ல வேகத்தில மேல போயிட்டன்."

"பிறகு?"

"பிறகென்ன. சைக்கிளைத் தூக்கித் தோளில வச்சுக்கொண்டு முழங்காலில நில் எண்டாங்கள். பொழுதுபடுமட்டும் நிண்டன். இவவும் பக்கத்தில வெயிலுக்கை நிண்டவ. பிள்ளை அப்ப வயித்தில."

அப்பா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், வேறு யாருக்கோ நடந்த பகிடியைச் சொல்வது போல. அம்மா சிரிக்கவில்லை. ஏத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் ஊர்ப்பக்கம் பார்த்து நின்றார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பொழுதுபடும்வரை சைக்கிளைத் தோளில் தாங்குவதென்றால் சும்மாவா! பிறகு யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அவ்வளவு நேரம் பாரம் தாங்கியதில்தான் நெஞ்சு பழுதாகியிருக்க வேண்டும். அடையாள அட்டைக் கதை நானாவை ஏமாற்றச் சொன்னது. சென்றி என்றால் எனக்குத் தெரியாதா? பெரிய வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி நடக்கவிடுவார்களே, அதுதான் சென்றி. குளக்கட்டில் ஆடுகளைத் தவிர யார் இருந்தார்கள்?

அடுத்த முறை நானாவை ஏத்தத்தில் சந்தித்தபோது பெரிய அநியாயம் ஒன்று நடந்தது. மருதமரத்தடியில் நானாவும் இறங்கிவிட்டார். ஹோர்ன் அடிக்கவில்லை, வழி கேட்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு பேசாமல் வந்தார். உலகத்திலேயே அந்த ஏத்தத்தை ஏறுகிற ஒரே ஆளும் இறங்கிவிட்டார். நெஞ்சு வருத்தம் தொற்றுமா என்றுகூட எனக்கு ஒரு யோசனை ஓடியது.

மிதித்து ஏறுகிறவருக்கு வேகம் உதவும். உருட்டி ஏறுகிற கிழவருக்கு எதுவும் உதவாது. பாதித் தூரத்தில் கிரவலில் நானாவின் செருப்பு சறுக்கியது. சைக்கிள் பின்னுக்கு இழுத்தது. அப்பா எங்கள் சைக்கிளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிப் பிடிப்பதற்குள் பெட்டி சரிந்து, ஐஸும் சூடையும் ஏத்தம் முழுக்கச் சிதறிவிட்டன. நானும் பலகையிலிருந்து குதித்தேன். எல்லோருமாகக் குனிந்து மீன் பொறுக்கினோம். அம்மா தன் முந்தானையிலேயே அள்ளினார். காகங்கள் வந்து சேர்ந்துகொண்டன.

"நீங்கள் ஏன் நானா இறங்கினீங்கள்?" என்றார் அப்பா. கோபம் மாதிரி இருந்தது. "உங்களுக்கு ஏறி ஏறிப் பழக்கம்தானே."

நானா மீனில் ஒட்டிய கிரவலை ஊதிக்கொண்டே சொன்னார். "நீங்க நடந்து வரேக்க நான் மட்டும் எப்பிடித் தம்பி ஏறிப் போறது?"

அப்பா கையிலிருந்த மீனைப் பெட்டியில் போட்டார். மேலே பார்த்தார். மண்மூட்டைக் குவியலின் மேல் ஓர் ஆடு நின்று எதையோ அசை போட்டுக்கொண்டிருந்தது. அப்பா சைக்கிளைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினார்.

"வாங்கோ நானா, மரத்தடிக்குப் போவம்."

"என்ன செய்யப்போறியள்?" என்றார் அம்மா.

அப்பா மருதமரத்தையும் தாண்டி வயல் மூலை வரை உருட்டிக்கொண்டு போய்த் திருப்பி நிறுத்தினார். சாரத்தை மடித்துத் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். துவாயை எடுத்துத் தலைப்பாகை கட்டினார். "ஏறப்பா" என்றார் அம்மாவிடம். அம்மா அவருடைய முகத்தையே பார்த்தார். நான் பார்த்த அளவில் அம்மா அப்பாவை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மீன்நாற்ற முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கரியரில் ஏறி உட்கார்ந்தார்.

நான்தான் அழத் தொடங்கினேன். "வேண்டாமப்பா, உருட்டுவம். நான் நடந்து வாறன்." எவ்வளவு ஆசைப்பட்ட விஷயம்! இப்போது நடக்கப்போகிறதென்றதும் பக்கத்து வாங்குக்காரியின் பெரியப்பா கண்முன் வந்து குந்தினார். அப்பா என்னைத் தூக்கிப் பலகையில் வைத்து மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

மருதமரம் வரை நல்ல வேகம். காற்று காதில் இரைந்தது. கிரவல் தொடங்கியதும் யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல வேகம் குறைந்தது. அப்பா ஆசனத்திலிருந்து எழும்பினார். அவருடைய நெஞ்சு என் தலையில் இடித்தது. சைக்கிள் இடது கரைக்குப் போய் வலது கரைக்குத் திரும்பியது. ஒவ்வொரு மிதிக்கும் செயின் முறுகியது. முன்சக்கரம் ஒருமுறை கிளம்பி விழுந்தது. நான் ஹாண்டிலைப் பிடித்த பிடியில் என் விரல்கள் வெளுத்துவிட்டன. நின்றால் மூன்று பேரும் பின்பக்கமாக உருள வேண்டியதுதான்.

"இறங்குங்கோ" என்றார் அம்மா, அப்பாவின் முதுகுக்குள்ளிருந்து. "இஞ்சாருங்கோ, இறங்குங்கோ. இறங்குங்கோ."

"இறங்குங்கோ அப்பா" என்று நானும் சேர்ந்து கத்தினேன்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சுக்குள்ளே ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டே மிதித்தார். "ஒருத்தரும் இல்லையப்பா. ஒருத்தரும் இல்லை. ஒருத்தரும் இல்லை." பின்னால் நானா பாம் பாம் என்று ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறி வருவது கேட்டது. நானா வருகிறாரே, இவர் ஏன் ஒருவரும் இல்லை என்கிறார்? அப்பாவுக்குக் கண்ணும் இருட்டுகிறது என்று முடிவு செய்தேன்.

திடீரென்று மிதி இலேசானது. எங்களுக்கு முன்னால் குளம் முழுவதும் வெளிச்சமாக விரிந்தது. அப்பா நிற்கவில்லை. ஆசனத்தில் உட்காரவுமில்லை. மண்மூட்டைக் குவியல் வந்தபோது அம்மாவின் கை அப்பாவின் சட்டையைக் கிழிப்பது போலப் பிடித்தது. ஆடு எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி அசை போட்டது. தாண்டிப் போய்விட்டோம். துருசடியில்தான் அப்பா காலை ஊன்றினார். அம்மா இறங்கினார். அப்பா சைக்கிளைத் துருசுக் கட்டில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நானா வந்து சேர்ந்து, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி ஒரு காலை ஊன்றி நின்று இளைத்தார். எங்களைப் பார்த்ததும், மீன் காய்கிறது என்று முனகிக்கொண்டு மிதித்துப் போய்விட்டார். நடுப்பாதையில், பட்டப்பகலில், அம்மா அப்பாவின் பக்கத்தில் குந்தி அவருடைய முகத்தை முந்தானையால் துடைத்தார். அதில் மீன்செதில் ஒட்டியிருந்தது. அப்பாவின் நெற்றியிலும் ஒட்டியது. துடைக்கத் துடைக்க அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

நான் பலகையிலிருந்து இறங்கி ஓடிப்போய் அப்பாவின் சட்டையில் காதை வைத்தேன். உள்ளே மாவிடிப்பது போல இடித்தது. 

"அம்மா, அப்பாவின்ர நெஞ்சு பயங்கரமாய் அடிக்குது!"

அம்மா அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். முகாமிலும் அதற்கு முன்பும் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "அடிக்கட்டும் பிள்ளை" என்றார். "நல்லா அடிக்கட்டும்."

அப்பாவும் சிரித்தார். மனிதருக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் குந்தியிருந்து சிரிக்கிற இவர் என்ன அம்மா என்று எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை நான் அம்மாவுடன் பேசவில்லை.